கீழ்க்காய்நெல்லிப் படம்: பூவும் விதையும் ஒத்துவரேல்லை

#1 வேலியோரம்

தோட்டக் களைகள் தொகுப்புக்கு நாலு கோட்டுப்படம் கீறியிருக்கிறன். குப்பைமேனி, நாயுருவி, முடிதும்பை மூண்டும் சரி எண்டு நினைக்கிறன். நாலாவது கீழ்க்காய்நெல்லி, அதிலதான் சந்தேகம். இணைப்பில இருக்கு, ஒருக்காப் பாருங்கோ.

செடி கோப்பாய்ப் பக்கம் வெங்காயத் தறையில பிடுங்கினது, ஒரு பிடி, ஒரே பையில போட்டுக் கொண்டுவந்தது. முழுச்செடி, பூ, காய், விதை எண்டு நாலு பகுதி கீறினன். பூவில 5 இதழ். காய் சின்னக் காம்பில கீழ தொங்குது, தோல் வழவழப்பு. விதையில குறுக்கால வரி வரியா இருக்கு. பூவுக்குப் பக்கத்தில ×20, விதைக்குப் பக்கத்தில ×40 எண்டு எழுதியிருக்கிறன். பேர் பில்லாந்தஸ் நிரூரி எண்டு போடலாமோ?

#2 கைவில்லை

பேருக்குப் பிறகு வருவோம். படத்தில் ஒரு செடி இல்லை, இரண்டு செடி இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கீழ்க்காய்நெல்லி என்று பிடுங்கும் செடிகளில் குறைந்தது மூன்று இனம் கலந்திருக்கும். பில்லாந்தஸ் அமாரஸ்: பூவுறை இதழ் 5. பில்லாந்தஸ் டெபிலிஸ்: 6. பில்லாந்தஸ் யூரினாரியா: அதுவும் 6. விதையைப் பார்த்தால் அமாரஸ், டெபிலிஸ் இரண்டிலும் முதுகுப்பக்க வரம்புகள் (மேடான கோடுகள்) நீளவாட்டில் ஓடும். யூரினாரியாவில்தான் வரம்பு குறுக்காக ஓடும், ஒரு விதையில் 12 முதல் 15 வரை எண்ணலாம். ஆக, 5 இதழ்ப் பூவும் குறுக்கு வரம்பு விதையும் ஒரே செடியில் வர இடமில்லை.

காயும் அதையேதான் சொல்கிறது. யூரினாரியாவின் காய்க்குக் காம்பு இல்லையென்றே சொல்லலாம், கிளையோடு ஒட்டிக்கொண்டு இருக்கும், தோல் சொரசொரப்பு. நீங்கள் கீறியது காம்பில் தொங்கும் வழவழப்பான காய். பூவும் காயும் அமாரஸ், விதை மட்டும் வேறு இடத்து ஆள்.

ஒரு விதிவிலக்குச் சொல்லவேண்டும். அமாரஸ் விதையிலும் நீள வரம்புகளுக்கு இடையில் மிக மெல்லிய குறுக்குக் கோடுகள் உண்டு. நுணுக்குக்காட்டியில் பெருக்கம் கூட்டினால் அவை தெரியவரும். நீங்கள் கண்டது தடித்த வரம்பா, அந்த மெல்லிய கோடா? 10 மடங்கு கைவில்லையில் முதல் பார்வையிலேயே தெரிவது எதுவோ அதைச் சொல்லுங்கள்.

#3 மைக்கூடு

படத்தைப் பற்றி மட்டும் சொல்லுறன்.

முழுச்செடியில பக்கக் கிளையைக் கூட்டிலை மாதிரிக் கீறியிருக்கிறீர். முருங்கை இலை கீறிப் பழகின கை அப்பிடித்தான் போகும். இது கூட்டிலை இல்லை, கிளை. ஒவ்வொரு இலையின்ர கக்கத்திலயும் (இலை கிளையோட சேருற மூலையில) பூவோ காயோ இருக்கு, ஒவ்வொரு இலையடியிலயும் ரெண்டு சின்னச் செதில் இருக்கு. கூட்டிலையின்ர சிற்றிலைக் கக்கத்தில பூ வராது. நடுத்தண்டில பக்கக்கிளை புறப்படுற இடத்தைக் கைவில்லையால பாரும்: சாதாரண இலை இராது, முக்கோணச் செதில்தான் இருக்கும். உம்மட படத்தில அந்தச் செதிலே இல்லை. ஆரும் தெரிஞ்ச ஆள் முதல் தேடுறது அதைத்தான்.

இரண்டாவது, ×20 எண்டு எழுதிறதை விடும். கொப்பியில கீறேக்க அது உண்மை. இப்ப இதை நான் போனில பாக்கிறன், படம் 6 சென்ரிமீற்றர் அகலம். இதில எங்கால 20 மடங்கு? பக்கத்தில அளவுக்கோடு போடும். பூ 20 மடங்கு எண்டால் 1 மில்லிமீற்றருக்கு 20 மில்லிமீற்றர் கோடு. விதை 40 மடங்கு எண்டால் 0.5 மில்லிமீற்றருக்கும் அதே 20 மில்லிமீற்றர்தான். படம் சுருங்கினால் கோடும் சேர்ந்து சுருங்கும், கணக்குப் பிழைக்காது.

#4 வேலியோரம்

செதில் விட்டது என்ர பிழைதான். அது காய்ஞ்ச இலையடி எண்டு நினைச்சுத் துடைச்சு விட்டிட்டன்.

ஐயா, வரி தடிப்பாத்தான் இருக்கு, கைவில்லையிலயே தெரியுது. ஆனால் பையில இருந்த செடி எல்லாம் பார்வைக்கு ஒண்டுபோலத்தான் இருந்தது. விதை எடுத்தது காயை உடைச்சு இல்லை, பையின்ர அடியில கிடந்ததைப் பொறுக்கினது.

#5 கைவில்லை

இதோ காரணம். பையடி விதை.

இந்தக் காய்கள் முற்றினால் தாமாகவே வெடித்து விதையை எறியும். ஒரே பையில் நாலு செடி இருந்தால், அடியில் கிடக்கும் விதை எந்தச் செடியுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் படத்துக்கு எடுக்கவே கூடாது.

இப்படிச் செய்யுங்கள். ஒரு செடிக்கு ஓர் இலக்கம், செடியில் நூலால் சின்னத் துண்டு கட்டிவிடுங்கள். அதிலிருந்து முற்றி மஞ்சளிக்கிற 5 காயைக் காம்போடு கிள்ளி, அதே இலக்கம் எழுதிய கடித உறையில் போட்டு வாயை மடித்து ஒட்டிவிடுங்கள். ஓரத்தில் இடைவெளி இருந்தால் விதை பாய்ந்துவிடும். இரண்டொரு நாளில் வெடித்துக் கிடக்கும். ஒரு காயில் மூன்று அறை, அறைக்கு 2 விதை, ஆக 6. 5 காய்க்கு 30. உறையில் அதைவிடக் கூடுதலான கணக்கு வந்தால் எங்கோ கலந்துவிட்டது என்று அர்த்தம்.

நீளம் அளக்க ஒரு வழி: 10 விதையை அடிமட்ட ஓரத்தில் தலைக்கு வால் என்று நெருக்கி அடுக்குங்கள். மொத்தம் 9 முதல் 10 மில்லிமீற்றர் வந்தால் ஒன்று 0.9 முதல் 1 மில்லிமீற்றர், அது அமாரஸ் அளவு. யூரினாரியா சற்றுப் பெரிது, 1 முதல் 1.2. தனி விதையை அடிமட்டத்தில் வைத்து அளப்பவர் தன்னையே ஏமாற்றுகிறார். அடுக்க ஈரமான ஊசிமுனை போதும், விதை அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

வரம்பு தெரியவேண்டுமென்றால் மேலிருந்து வெளிச்சம் அடிக்கவேண்டாம். மேசையோடு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து ரோச் அடியுங்கள். வரம்பின் நிழல் பள்ளத்தில் விழும்போது எண்ணலாம். விதை ஒரு தோடம்பழச் சுளையின் வடிவம்: ஒரு பக்கம் வளைந்த முதுகு, மற்ற இரண்டும் தட்டை. முதுகையும் ஒரு தட்டைப் பக்கத்தையும் கீறினால் போதும்.

#6 செம்பாட்டான்

தறையில நிண்டு பிரிக்கலாம், வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பத் தேவையில்லை.

இலை ஓரத்தை விரலால தடவிப் பாருங்கோ. யூரினாரியாவின்ர ஓரத்தில சின்னச் சின்னக் கட்டை மயிர் இருக்கும், கொஞ்சம் கரகரக்கும். அமாரஸ் வழுவழுப்பு. பேந்து கிளையைத் திருப்பிப் பாருங்கோ: யூரினாரியாவில பெண்பூவெல்லாம் தண்டுப்பக்கம், ஆண்பூ நுனிப்பக்கம். அதால காய் கிளையின்ர அடிப்பாதியில வரிசையா ஒட்டியிருக்கும். அமாரஸில பெரும்பாலான கக்கத்தில ஆண் ஒண்டு பெண் ஒண்டு சோடியா இருக்கும்.

தண்டு சிவப்பு எண்டு சொல்லிப் பிரிக்கிற ஆக்கள் இருக்கினம். யூரினாரியா சிவக்கிறது மெய்தான், ஆனால் வெயிலில காய்ஞ்சு நிண்டால் மற்றதும் கொஞ்சம் சிவக்கும். நிறத்தை மட்டும் நம்பிப் பேர் வைக்கக் கூடாது.

மணற்பாங்கான இடத்தில, தீவுப்பக்கம், கடற்கரையோரம் பிடுங்கிறதெண்டால் நாலாவதும் ஒண்டு வரும்: பில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ். அதுக்கு உந்தக் கூட்டிலை மாதிரிக் கிளையே இல்லை. நடுத்தண்டிலயும் கிளையிலயும் இலை சுத்திவர நிற்கும், அடி ஒடுங்கி நுனி அகண்ட இலை. விதையில வரம்புக்குப் பதிலாப் புள்ளி வரிசை. தமிழ்நாட்டில மேலாநெல்லி எண்டுறது இதைத்தான்.

வேரைக் கழுவாமல் வைக்காதேங்கோ. செம்பாட்டு மண் காய்ஞ்சால் தாளில சிவப்புக் கறை, பிறகு என்ன செய்தாலும் போகாது. வாளித் தண்ணியில 10 நிமிசம் ஊறவிட்டு ஆட்டினால் சல்லிவேர் அறாமல் மண் கழரும். குழாயைத் திறந்து பிடிச்சால் வேர் போயிடும்.

#7 நுணா

சித்த மருத்துவம் படிக்கிற ஆள் எண்ட முறையில ஒரு கேள்வி. போன் கமராவில இப்ப இவ்வளவு வடிவாப் படம் வருது, கவ்வுற வில்லை ஒண்டு போட்டால் விதை வரம்பும் தெரியுது. பிறகு ஏன் மினக்கெட்டுக் கீறுவான்? கீறுற ஆள் தான் நினைக்கிறதைக் கீறலாம். வேலியோரம் செய்தமாதிரி இல்லாத செடியையே உண்டாக்கிவிடலாம். போட்டோவில அந்தப் பிழை வராதே.

#8 மைக்கூடு

நியாயமான கேள்வி. போட்டோ இல்லாத செடியை உண்டாக்காது, உண்மை. விதைக்கு நானும் போட்டோ எடுத்துத்தான் பக்கத்தில வைக்கிறன்.

ஆனால் பூவை எடுத்துப் பாரும். விரிஞ்ச பூ ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். அந்த அளவுக்குக் கிட்டப் போனால் ஒரு மெல்லிய படலம்தான் தெளிவா விழும்: இதழ் தெளிவெண்டால் கேசரம் (மகரந்தம் வைக்கிற உறுப்பு) மங்கல், கேசரம் தெளிவெண்டால் இதழ் மங்கல். ஆண்பூவில 3 கேசரமும் இழை ஒட்டி ஒரே தூணா நிற்கும், அடியைச் சுத்தி 5 சுரப்பி. பெண்பூவில 3 தம்பம் (சூலகத்துக்கு மேல நிற்கிற தண்டு), ஒவ்வொண்டும் நுனியில பிளவு. இதெல்லாம் ஒரே போட்டோவில விழாது. கீறினால் முன்னுக்கு நிற்கிற ஒரு இதழை வெட்டி எடுத்திட்டு உள்ளைக் காட்டலாம். பூச்சி கடிச்ச இலை, முறிஞ்ச நுனி, சேறு எல்லாத்தையும் விட்டிட்டு, வேறுபிரிக்கிற உறுப்பை மட்டும் சொல்லலாம்.

நினைக்கிறதைக் கீறுற பிழைக்கு மருந்து இருக்கு. ஒரு தாளில வாற எல்லாப் பகுதியும் ஒரே இலக்கச் செடியில இருந்து. வேற செடியில எடுத்தால் அந்தப் பகுதிக்குக் கீழ அந்த இலக்கம் தனியா. இதை விட்டால்தான் வேலியோரத்தின்ர படம் மாதிரி வரும்.

#9 கைவில்லை

பேர் கேட்டிருந்தீர்கள். பில்லாந்தஸ் நிரூரி என்பது சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753 இல் வைத்த பேர். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. எங்கள் செடிக்கு அந்தப் பேரைப் பழைய நூல்களிலும் மருந்துப் போத்தல்களிலும் நீண்டகாலம் எழுதிவந்தார்கள், இன்னும் எழுதுகிறார்கள். நீங்கள் கீறிய 5 இதழ்ச் செடிக்குப் பேர் அமாரஸ். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே களையாகப் பரவியது என்பதுதான் தாவரவியலாளர் கருத்து. பாட்டி வைத்தியம் என்று நாம் நினைக்கிற செடிக்குக் கடல்கடந்த பூர்வீகம்.

ஒரு சின்னச் சுவாரசியம்: 1678 முதல் 1693 வரை அம்ஸ்ரடாமில் 12 தொகுதியாக வந்த, மலபார்ச் செடிகளைப் பற்றிய ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் நூலில் ‘கிர்கனெலி’ என்று ஒரு செடி உண்டு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கீழ்க்காய்நெல்லி காதில் விழும். பிறகு கிர்கனெலியா என்று ஒரு பேரினமே அதிலிருந்து பிறந்தது. ஊர்ப்பேரைத் தாளில் எழுதிவையுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

#10 வேலியோரம்

எண்ணிப் பாத்தன். பையில இருந்தது 7 செடி. 5 செடியில இதழ் 5, காய்க்குக் காம்பு, இலை ஓரம் வழுவழுப்பு. மற்ற 2 செடியில இலை ஓரம் கரகரப்பு, காய் ஒட்டியிருக்கு, தோல் சொரசொரப்பு. இலக்கம் கட்டி உறையில போட்டாச்சு. 5 செடிக் கூட்டத்து உறையில நீள வரம்பு விதை, முதுகில 5 அல்லது 6 வரம்பு. மற்ற உறையில குறுக்கு வரம்பு. ஐயா சொன்னமாதிரி அடுக்கி அளந்தன்: முதல் கூட்டம் 10 விதை 9.5 மில்லிமீற்றர்.

இப்ப ரெண்டு தனித் தாளாக் கீறப்போறன். ரெண்டு கரைச்சல். பிடுங்கி அரை மணித்தியாலத்தில இலையெல்லாம் மடிஞ்சு போகுது, வடிவம் பிடிக்க ஏலாமல் இருக்கு. மற்றது, இந்த மழைக்கு மை தாளில ஊறி மயிர் மயிராப் பரவுது.

#11 செம்பாட்டான்

இலை மடியிறது அதின்ர குணம், இரவிலயும் மடியும். பிடுங்கினவுடன வேரோட ஈரத்துணி சுத்திப் பொலித்தீன் பையில காத்து ஊதிக் கட்டுங்கோ. வீட்டை கொண்டுபோய் வேரைத் தண்ணிக் கிளாசில விட்டு வெளிச்சமான யன்னலடியில வைச்சால் கனக்கத் தரம் திரும்ப விரியும். காலமை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில பிடுங்கினது நல்லா நிக்கும். விரியாமல் அடம்பிடிச்சால், ஒரு கிளையை மட்டும் வெட்டிக் கண்ணாடித் துண்டில ஒரு துளி தண்ணி விட்டுப் படியவைச்சு, மேல இன்னொரு கண்ணாடி வைச்சு அளவை முதல் எடுங்கோ. ஒரு இலை அளந்திட்டு விடக்கூடாது. 10 இலை அளந்து ‘6 முதல் 9’ எண்ட மாதிரி எழுதுங்கோ.

#12 மைக்கூடு

பூவுக்கும் தண்ணித்துளி வழிதான். 1 மில்லிமீற்றர்ச் சதுரக் கோட்டுத்தாளுக்கு மேல கண்ணாடி, அதில துளி, அதுக்குள்ள பூ. ரெண்டு தையல் ஊசியால இதழை விரிச்சுப் பிடிச்சால் அடியில சதுரம் தெரியும். பென்சில் 2எச் போதும், எச்பி மெழுகித் தாளைக் கறுப்பாக்கும்.

இப்ப மை. நவம்பர், டிசம்பர் எங்கட காத்தில தாள் ஈரம் குடிக்கும். வழமையான வெள்ளைத்தாளில மை ஊறத்தான் செய்யும். தாளைப் பொலித்தீனில சுத்திப் பெட்டிக்குள்ள வையும், கீற எடுக்கேக்க மட்டும் வெளியில எடும். வழவழப்பான 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத்தாள் கிடைச்சால் அது, இல்லாட்டில் தடிச்ச திரேசிங் பேப்பர். திரேசிங்கில கை எண்ணெய் பட்ட இடத்தில மை பிடிக்காது, கோடு துண்டு துண்டா வரும். அதால கைக்குக் கீழ எப்பவும் ஒரு துண்டு தாள். பிழைச்சால் அழிரப்பர் வேண்டாம். நல்லாக் காயவிட்டு, பாதி பிளேட்டால மெல்லச் சுரண்டி, நகத்தால தேய்ச்சு மினுக்கிப்போட்டுத் திரும்பக் கீறலாம்.

பேனை 0.1, 0.2, 0.3 மில்லிமீற்றர். வெளிவரம்பு 0.3, நரம்பு 0.2, மயிர் 0.1. ஆனால் அச்சில பாதியாச் சுருக்கப் போறீர் எண்டால் 0.1 கோடு 0.05 ஆகும், போட்டோக்கொப்பியில மறைஞ்சுபோம். அப்ப 0.2க்குக் கீழ இறங்காதேயும். யூரினாரியாவின்ர இலை ஓர மயிரை மறைஞ்சுபோற பேனையால கீறினால் அதைக் கீறின பிரயோசனம் என்ன?

நிழல் புள்ளியால மட்டும். வெளிச்சம் இடப்பக்க மேல் மூலையில இருந்து வாறதா வைச்சு, எதிர்ப்பக்கம் புள்ளியை நெருக்கும். பேனையை நிமித்திப் பிடிச்சுக் குத்தும், சரிச்சால் புள்ளிக்கு வால் முளைக்கும். விதை வரம்பைக் கோடா இழுக்காமல், பள்ளத்தில புள்ளி நெருக்கி வரம்பை வெள்ளையா விட்டால் மேடு மேடா நிக்கும். ஸ்கான் 600 டிபிஐ.

#13 நுணா

நன்றி அண்ணை, விளங்குது. இன்னொண்டு: கீறி முடிஞ்சால் செடியை எறியலாமோ?

#14 கைவில்லை

எறியவே கூடாது. படத்தில் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அந்தச் செடி வேண்டும். இலங்கைத் தாவரங்களுக்குப் பேராதனையில் 19ஆம் நூற்றாண்டில் படம் கீறிய அல்விஸ் குடும்பத்தாரின் தாள்களோடு உலர்மாதிரியையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம் என்பதில்தான் அவற்றின் பெறுமதி பாதி.

ஆனால் இந்தச் செடி உலர்த்துவதில் ஒரு வில்லங்கம் உண்டு. கடதாசிக்குள் வைத்த மூன்றாம் நாள் இலையும் கிளையும் கொட்டி, வெறும் குச்சி மிஞ்சும். வெட்டிய பின்னும் செடி சிறிதுநேரம் உயிரோடிருந்து கிளையைக் கழற்றிவிடுகிறது. அழுத்துவதற்கு முன் கொதிநீரில் சில விநாடி முக்கி எடுத்து, துணியில் ஒற்றிவிட்டு வையுங்கள், கொட்டுவது வெகுவாகக் குறையும். பூவை அளந்து கீறிய பிறகே முக்கவேண்டும், சூட்டில் அது குலைந்துவிடும்.

பத்திரிகைத்தாள் மடிப்புக்குள் செடி, மேலும் கீழும் ஒற்றுத்தாள், மட்டை, மேலே கல். முதல் 4 நாள் தினமும் தாள் மாற்றுங்கள். மாரிகாலத்தில் ஒருநாள் தவறினால் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்ததும் ஏ3 அளவு மட்டையில் தையலும் ஒட்டுக் கீலமும் போட்டு நிறுத்துங்கள். கொட்டியதெல்லாம் சின்ன உறையில் அதே மட்டையில். காய்ந்தபின் நிறம் போய்விடும், அதனால் தண்டு நிறம், இதழ் நடுவில் ஓடும் பச்சைப் பட்டை, இலையடி வெளிறல் எல்லாம் பச்சையாக இருக்கும்போதே எழுதவேண்டும். இடம், திகதி, மண், பயிர், ஊர்ப்பேர், படத்தாள் இலக்கம், பென்சிலால். பேனை எழுத்து ஈரத்தில் கரையும்.

#15 வேலியோரம்

5 செடிக் கூட்டத்தில முதலாவது தாள் முடிஞ்சுது, இணைச்சிருக்கிறன். செதில் போட்டாச்சு, அளவுக்கோடு போட்டாச்சு, பேர் அமாரஸ். எல்லாப் பகுதியும் 3ஆம் இலக்கச் செடி, விதை மட்டும் 5ஆம் இலக்கம், கீழ எழுதியிருக்கிறன்.

#16 மைக்கூடு

நல்லா வந்திருக்கு. பெண்பூவின்ர தம்பம் 3 கீறியிருக்கிறீர், ஆனால் நுனிப் பிளவு ஒண்டிலதான் தெரியுது. மற்ற ரெண்டையும் திரும்ப ஒருக்காத் துளிக்குள்ள போட்டுப் பாத்திட்டு மையைத் தொடும்.